முப்பத்திரண்டு பேர்

எங்கள் கம்பெனியில் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். சமையல்காரர்கள் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இதில் தனி மரியாதை ஒன்றும் கிடையாது. வெளிநாட்டுக்குச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போகும் கம்பெனி எங்களுடையது. நான் அதில் மேனேஜர். ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு சின்னக் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பவன், அறைச் சாவியைத் தொலைத்தவர்களுக்காக ஓட்டல் கவுண்டரில் பல்லிளிப்பவன், பஸ்ஸில் ஏறியவர்களை ஏறிய இடமெல்லாம் எண்ணிப் பார்ப்பவன். அதற்கு வைத்த பெயர்தான் மேனேஜர்.

எங்கள் விளம்பரத்தில் நாடுகளின் பெயர்களைவிடப் பெரிய எழுத்தில் ஒரு வரி இருக்கும்: மூன்று வேளையும் நம்ம வீட்டுச் சாப்பாடு. எங்களோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, இனி நமக்கென்று கொஞ்சம் பார்ப்போம் என்று கிளம்பியவர்கள். எந்த அதிசயத்தைப் பார்க்காமல் விட்டாலும் மன்னித்துவிடுவார்கள், வேளைக்கு ஒரு பிடி சோறு இல்லையென்றால் மட்டும் மன்னிக்க மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு கூட்டத்தோடும் ஒரு சமையல்காரரையும் விமானம் ஏற்றி அனுப்புவது கம்பெனி வழக்கம். பதினாறு வருஷமாக என் கூட்டத்தோடு வந்தவர் மாஸ்டர்தான்.

அவருடைய நாலு பெட்டிகளில் மூன்றில் குக்கர், அரிசி, பருப்பு, பொடி வகைகள். நாலாவதில் கரண்டிகளுக்கு நடுவே அவருடைய துணிமணி. எந்த ஊர் விமான நிலையத்திலும் அதிகாரிகள் முதலில் நிறுத்துவது அவரைத்தான். மிளகாய்ப் பொடிப் பாக்கெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார்கள், நாயைக் கூட்டிவந்து மோந்து பார்க்கச் சொல்வார்கள். நாய் தும்மும். மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நிற்பார். எங்கள் கூட்டத்தில் வெளிநாட்டுக்காரர்கள் உற்றுப் பார்த்த ஒரே ஆள் நீங்கள்தான் மாஸ்டர் என்று நான் கிண்டல் செய்வேன். அவரும் சிரிப்பார்.

ஓட்டல்காரர்கள் கீழ்த்தளத்தில் தங்கள் சமையலறையின் ஒரு மூலையை எங்களுக்கு விடுவார்கள். ரெண்டு அடுப்பு, ஒரு குழாய், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு ஜன்னல். பயணிகள் கண் விழிப்பதற்குள் மாஸ்டர் அங்கே இறங்கிவிட வேண்டும். அவர்கள் காலையில் சாப்பிட்டுவிட்டு, மத்தியானத்துக்கான பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியதும் பாத்திரம் கழுவல். அது முடிந்தால் ராத்திரிச் சமையலுக்கு நறுக்கல். நாலு மணிக்குக் கூட்டம் திரும்பி வரும்போது நடையில் போட்ட மேஜைமேல் பெரிய பிளாஸ்க்கில் டீ இருக்க வேண்டும். பத்து நிமிஷம் தாமதமானால் போதும், பயணிகளின் முகம் தொங்கிவிடும். இதற்கு நடுவில் ஊரைப் பார்க்க ஏது நேரம்? நாற்பத்தொரு பயணம் வந்திருக்கிறார். நாற்பத்தொரு தடவையும் அடுப்படியே கதி.

ஆனால் ஊர்களை அவருக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. தண்ணீரை வைத்து அவர் ஊர்களை அடையாளம் வைத்திருந்தார். அந்த ஊரா, தண்ணி ரொம்பக் கடினம், பருப்பு வேகவே வேகாது என்பார். ஏரிக்கரை ஊரா, சீக்கிரம் குழைஞ்சு போயிடும், கண் வெச்சுக்கணும் என்பார். ஒரு தலைநகரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், ஜன்னலுக்கு வெளியே வரிசையாகப் பச்சைக் குப்பைத்தொட்டிகள் இருக்கும், வெள்ளிக்கிழமை வந்து எடுத்துப் போவார்கள் என்பதுதான். ஓட்டலில் பாத்திரம் கழுவும் பெண்கள் சிலரோடு பழக்கம் உண்டு. பாஷை தெரியாததால் காலையில் கரண்டியைத் தூக்கிக் காட்டுவார், அவர்கள் தட்டைத் தூக்கிக் காட்டுவார்கள். ஒரு நாளில் அவர் செய்யும் பேச்சுவார்த்தை சில ஊர்களில் அவ்வளவுதான்.

மாஸ்டரின் வீட்டுக்காரம்மா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறார். துணி தைக்க வருகிறவர்கள் சும்மா உட்கார மாட்டார்கள். உங்க வீட்டுக்காரர் சுத்தாத நாடே இல்லையாமே, அதைப் பார்த்தாரா, இதைப் பார்த்தாரா, எப்படி இருந்ததாம் என்று கேட்பார்கள். அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் கணவரைக் கேட்பார். மாஸ்டர், ரெண்டு அடுப்பு, ஒரு குழாய், இந்தத் தடவை ஜன்னல் இல்லை என்பார். முதலில் அந்த அம்மா இதை விளையாட்டு என்று நினைத்தார். பிறகு கோபம் வந்தது. கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டார். ஏதாவது ஒன்றை அடித்துவிட்டிருக்கலாம்தான். ஆனால் மாஸ்டருக்குப் பொய் சொல்ல வராது. உப்பு ஒரு கல் கூடிப்போனால் அவரே மேஜை மேஜையாகப் போய்ச் சொல்லிவிட்டு வருகிற ஆள். உறவுக்காரர் ஒருவர் ஏதோ விசேஷத்தில் நாலு பேர் முன்னால், அவர் அங்கே போய்ப் பாத்திரம்தான் கழுவுகிறார் போல, ஊரைப் பார்க்கிற மாதிரித் தெரியவில்லை என்று சொல்லிவிட்டாராம். அந்த அம்மா எழுந்து வந்துவிட்டார். சொன்னது பொய்யாக இருந்தால் சண்டை போட்டிருப்பார்.

இந்த வருஷம் கம்பெனி அந்தந்த ஊரில் இருக்கும் நம்ம ஆட்களின் சாப்பாட்டு ஓட்டல்களோடு பேசி முடித்துவிட்டது. இனிமேல் சமையல்காரர் வர வேண்டியதில்லை. மாஸ்டருக்கு அறுபத்தொன்று ஆகிவிட்டது. இந்தப் பயணத்தோடு போதும் என்று சொல்லிவிட்டார்கள். வழியனுப்ப அந்த அம்மா முதல்முறையாக விமான நிலையத்துக்கு வந்திருந்தார். மாஸ்டர் பெட்டிகளை எடை போட வரிசையில் நின்ற நேரத்தில் என்னிடம் வந்தார்.

“தம்பி, எனக்கு அங்கேருந்து ஒண்ணும் வேணாம். கடைசி நாள் எல்லாரையும் ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போவீங்களாமே, அதை மட்டும் இவருக்கு ஒரு தடவை காட்டிடுங்க. வந்து அவர் வாயால எங்கிட்ட சொன்னா போதும்.”

என் பொறுப்பும்மா என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன்.

அவர் சொன்ன இடத்துக்குப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்திலும் காலண்டரிலும் பிஸ்கட் டப்பா மூடியிலும் எல்லோரும் பார்த்ததுதான். எங்கள் பயணத்தில் அதைக் கடைசி நாளில் வைத்திருப்பது கம்பெனியின் சாமர்த்தியம். ஒன்பது நாள் பட்ட கஷ்டம், மாறிப்போன அறை, வெந்நீர் வராத குழாய் எல்லாவற்றையும் அதைப் பார்த்த சந்தோஷத்தில் மறந்துவிட்டு ஊருக்குப் போவார்கள். மாஸ்டருக்குத்தான் அது பொருந்தாது. திரும்பும் பயணத்துக்கான பொட்டலம் எல்லாம் கட்ட வேண்டியிருப்பதால், கடைசி நாள்தான் அவருக்குத் தலைக்கு மேல் வேலை. அந்த ஊருக்குப் பத்தொன்பது தடவை வந்திருக்கிறோம். அவர் அந்த இடத்தின் பக்கம் ஒரு தடவைகூடப் போனதில்லை.

இந்தத் தடவை கூட்டத்தில் முப்பத்திரண்டு பேர். எட்டாம் நாளே நான் மாஸ்டரிடம், நாளைக்கு நீங்களும் பஸ்ஸில் வருகிறீர்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. கண்ணை மூடி மனசுக்குள் ஏதோ வரிசைப்படுத்தினார். பொட்டலச் சோறு சூடாகக் கட்டினால் வேர்த்துக் கெட்டுவிடும், ஆறித்தான் கட்ட வேண்டும். ஆகவே காலையிலேயே வடித்துத் தட்டுகளில் பரப்பி ஈரத்துணி போட்டு மூடிவிட்டால், திரும்பி வந்து கட்டுவது மட்டும்தான் பாக்கி. டீக்குத் தூளும் சர்க்கரையும் அளந்து வைத்துவிட்டால் வந்ததும் தண்ணீர் கொதிக்கவைத்தால் போதும். எல்லாம் சரியாக வரும் என்று தெரிந்த பிறகுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

மறுநாள் பத்து மணிக்கு அவர் மேலே வந்தபோது எனக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. தலையில் தொப்பி இல்லை, மேலே ஏப்ரன் இல்லை. இன் செய்த முழுக்கைச் சட்டை, பேண்ட், வீட்டுக்காரம்மா வாங்கிக் கொடுத்த புது ஷூ. தலையைப் படிய வாரியிருந்தார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க மாஸ்டர் என்றேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, சத்தம் போடாதீங்க தம்பி என்றார். ஆட்கள் இருந்தால் என்னை சார் என்பார், தனியாக இருந்தால் தம்பி. அன்றைக்குக் குழப்பத்தில் எல்லோர் முன்னாலும் தம்பி என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் கடைசி வரிசைக்கு முன்னால் ஒரு இடம் காலியாக இருந்தது. பக்கத்தில், ஏதோ பெரிய அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். ஒன்பது நாளாக மாஸ்டர் கையால் மூன்று வேளையும் சாப்பிட்டவர், சாப்பாடு பிரமாதம் என்று என்னிடம் தினமும் சொல்பவர். அவர் மாஸ்டரைப் பார்த்து, நீங்கள் எந்த அறை, நேற்றுத்தான் வந்து சேர்ந்தீர்களா என்று கேட்டார். மாஸ்டர், கீழே சார் என்றார். அதிகாரி மூக்கை உறிஞ்சி, ஏதோ மசாலா வாசனை வருகிறதே என்று பஸ்ஸின் கூரையைப் பார்த்தார். மசாலாக் கரண்டிகளுக்கு நடுவே ஒன்பது நாள் கிடந்த சட்டை. வாசனை வராமல் என்ன செய்யும். நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். அவர் மாஸ்டர் சார், உங்களுக்குச் சோறு போடுகிறவர் என்று சொல்லியிருக்க வேண்டும். கொடி எங்கே, டிக்கெட் எங்கே என்ற அவசரத்தில் சொல்லவில்லை.

அந்த இடத்தின் வாசலில் ஒரு சிக்கல் வந்தது. எங்கள் டிக்கெட்டுகள் ஒரு மாதம் முன்பே பெயர்ப் பட்டியல் கொடுத்து வாங்கியவை: பயணிகள் முப்பத்திரண்டு, மேனேஜர் ஒன்று. மாஸ்டருக்குக் கவுண்டரில் தனியாக வாங்க வேண்டும், அங்கே வரிசை தெருக்கோடி வரைக்கும் நின்றது. எங்கள் கூட்டம் உள்ளே போக வேண்டிய நேரமோ நெருங்கிவிட்டது. நான் மாஸ்டரை வாசலுக்குப் பக்கத்தில் ஒரு விளக்குக் கம்பத்தடியில் நிறுத்தினேன்.

“இவங்களை உள்ள விட்டுட்டு வந்து உங்களுக்கு டிக்கெட் எடுத்துக் கூட்டிட்டுப் போறேன். இங்கயே நில்லுங்க மாஸ்டர், எங்கயும் போயிடாதீங்க.”

அவர் தலையாட்டினார். அந்தத் தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பது எதுவும் தெரியாது. மதில் அவ்வளவு உயரம், தெரு அவ்வளவு குறுகல். வாசல் கடந்து உள்முற்றத்துக்குப் போனால்தான் அது கண்ணில் படும். எப்படியும் பார்த்துவிடத்தான் போகிறார், அரை மணி முன்பின் ஆனால் என்ன என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே போய்க் கால் மணி ஆகியிருக்காது. எங்கள் கூட்டத்தில் சர்க்கரை வியாதிக்கார அம்மா ஒருவர் இருந்தார். சர்க்கரை இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ளக் கையில் எப்போதும் மிட்டாய் வைத்திருப்பவர். அன்றைக்குப் பார்த்து மிட்டாய்ப் பையை அறையிலேயே விட்டுவிட்டு வந்து, தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். அவர் கணவர் அழ ஆரம்பித்துவிட்டார். நான் நாற்காலி கேட்டு ஓடி, சர்க்கரைத் தண்ணீர் வாங்க ஓடி, வந்த டாக்டருக்குப் பாதி கைஜாடையில் விஷயத்தைச் சொல்லி, அந்த அம்மா எழுந்து நின்று, எனக்கு ஒன்றும் இல்லை, எல்லாரும் போய்ப் பாருங்கள் என்று சொல்வதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. நடுவில் ஒரு தடவை, தண்ணீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, மாஸ்டர் வெளியே நிற்கிறார் என்ற நினைப்பு வந்தது. இதோ ஐந்து நிமிஷத்தில் போய்விடலாம் என்று எண்ணினேன். அந்த நினைப்பு வராமலே இருந்திருந்தால்கூட இவ்வளவு உறுத்தாது. வந்தது, போய்விட்டது.

வெளியே வரும் வழி வேறு பக்கம். பஸ்ஸும் அங்கேதான் வந்து நிற்கும். ஏறியவர்களை எண்ணினேன். முப்பத்திரண்டு. சரியாக இருந்தது. போகலாம் என்று டிரைவரிடம் சொன்னேன்.

பதினாறு வருஷமாக எண்ணுகிறேன், ஒரு ஆளைக்கூட எந்த ஊரிலும் விட்டுவிட்டு வந்ததில்லை என்று கம்பெனியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. வழியில் பரிசுப் பொருள் வாங்கக் கடைத்தெருவில் ஒரு மணி நேரம் நிறுத்தினோம். அங்கேயும் எண்ணினேன். அங்கேயும் முப்பத்திரண்டு. எண்ணிக்கையில் மாஸ்டர் என்றைக்கும் இருந்ததில்லை. எண்ணி முடித்ததும் என் மனசுக்கு ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அது அன்றைக்கும் குறைவில்லாமல் வந்தது.

நாலு மணிக்கு ஓட்டல் நடையில் மேஜை இருந்தது, பிளாஸ்க் இல்லை. பயணிகள் மேஜையைச் சுற்றி நின்று கையைப் பிசைந்தார்கள். டீ வரலையே, மாஸ்டர் தூங்கிட்டாரா என்று சர்க்கரை அம்மாவின் கணவர் கேட்டார். மாஸ்டரைச் சத்தம் போடலாம் என்று நான் கோபத்தோடு கீழே இறங்கினேன். ஆமாம், கோபத்தோடுதான். அடுப்பு அணைந்திருந்தது. தட்டுகளில் சோறு ஈரத்துணியால் மூடியிருந்தது. கம்பியில் ஏப்ரன் தொங்கியது, அதன்மேல் தொப்பி. அதைப் பார்த்த பிறகுதான் அவரைக் கம்பத்தடியில் நிறுத்திவிட்டு வந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

மேலே ஓடிவந்து பயணிகளிடம் சொன்னேன். மாஸ்டர் பஸ்ஸில் வந்தாரா என்றார்கள். பஸ்ஸில் வந்தது பாதிப் பேருக்குத் தெரியவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து வந்த அதிகாரியைக் கேட்டேன்.

“பக்கத்துல ஒருத்தர் வந்தாரு. திரும்பும்போது சீட்டு காலியா இருந்துச்சு. நீங்கதான் மாத்தி உக்கார வெச்சிருப்பீங்கன்னு நினைச்சேன். கால் நீட்ட வசதியா இருந்துச்சு, அதான் கேக்கல.”

அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அந்த ஆத்திரத்தில் பாதி என்மேல் வர வேண்டியது என்பதும் தெரிந்தது.

டாக்ஸி பிடித்தேன். மாஸ்டரின் போன் ஓட்டலின் வைஃபை எட்டும் வரைக்கும்தான் வேலை செய்யும். ஓட்டலின் பெயர் அவருக்குச் சொல்லத் தெரியுமா என்பதே சந்தேகம். அதை விட்டு வெளியே போனால்தானே பெயர் தேவைப்படும். மத்தியானத்துக்கு முப்பத்துமூன்று பொட்டலம் கட்டினார், எனக்கும் சேர்த்து. தனக்கு என்று அவர் கட்டுவதில்லை, அடுப்படியிலேயே ஏதாவது சாப்பிட்டுக்கொள்வார். காலையிலிருந்து பட்டினி. பாஷை தெரியாத ஊரில், அறுபத்தொரு வயசில், ஆறு மணி நேரம். எங்கேயாவது நடக்க ஆரம்பித்திருந்தால் எங்கே போய்த் தேடுவது, அந்த அம்மாவிடம் என்ன சொல்வது என்று நாற்பது நிமிஷமும் எனக்கு அதே நினைப்பு.

அவர் எங்கேயும் போயிருக்கவில்லை. நான் நிறுத்திய கம்பத்தடியில் ஒரு அடி முன்பின் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். வாசலுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்தபடி. காலையில் இருந்த வரிசை கலைந்து, வாசலில் ஆளே இல்லை. சட்டையின் இன் அவிழ்ந்திருந்தது. ஷூ கடித்திருக்க வேண்டும், ஒரு காலை மட்டும் லேசாகத் தூக்கி வைத்திருந்தார். டாக்ஸியிலிருந்து நான் இறங்கியதும் வேகமாக ரெண்டு எட்டு எடுத்து வைத்தார்.

“யாருக்கும் ஒண்ணும் ஆகலையே தம்பி? யாருக்கோ உடம்பு சரியில்லன்னு நினைச்சேன். இல்லன்னா நீங்க வராம இருக்க மாட்டீங்களே.”

ஆமாம், ஒரு அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. அவர் பேச்சில் எனக்கு வழி திறந்தே இருந்தது. என்னால் அதில் நுழைய முடியவில்லை. மறந்துட்டேன் மாஸ்டர் என்றேன்.

அவர் கையிலிருந்த கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். உங்களுக்குத்தான் எத்தனை வேலை என்றார் பிறகு. உள்ளே போய்ப் பார்த்திருக்கலாமே, வரிசைகூட இல்லையே என்று கேட்டேன். இங்கயே நிக்கச் சொன்னீங்க என்றார். நீங்க வந்து பாத்து, நான் இல்லன்னா பதறிடுவீங்க, அந்தப் பக்கம் திரும்பினா பஸ் வந்துட்டுப் போயிடுமோன்னு பயம் வேற என்றார். குற்றம் சொல்கிற குரலே இல்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

அப்போது மணி ஐந்துக்குப் பத்து நிமிஷம். ஐந்தரை வரைக்கும் உள்ளே விடுவார்கள். வாங்க, இப்பவே போய்ப் பார்த்துவிடலாம் என்று அவர் கையைப் பிடித்தேன். அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு முழுக்க முதல்முறையாகத் திரும்பியிருப்பார் போல. அவருக்கு ஆசை இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“அவங்களுக்கு டீ குடுத்தாச்சா?” என்றார்.

இல்லை என்றேன்.

“ஏழு மணிக்குக் கிளம்பணும். பொட்டலம் ஒண்ணுகூடக் கட்டல. வாங்க தம்பி, போலாம்.”

ரெண்டு தடவைதான் வற்புறுத்தினேன். மூன்றாவது தடவை வற்புறுத்தியிருந்தால் வந்திருப்பார் என்றே நினைக்கிறேன். அவர் டாக்ஸியில் ஏறி உட்கார்ந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விமானம் தவறினால் முப்பத்திரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

வழி முழுக்க அவர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். பாலம், ஆறு, கடைகள், வீட்டுக்குத் திரும்பும் ஜனங்கள். எவ்வளவு பெரிய ஊரு என்றார் ஒரு தடவை. ஓட்டல் நடையில் பயணிகள் அவரைக் கண்டதும் சந்தோஷப்பட்டார்கள், அதில் பொய் இல்லை. மாஸ்டர் வந்தாச்சு, இனி டீ வந்துடும் என்றார் ஒருவர். அதிகாரி அவர் தோளைத் தட்டி, எங்கே போய்க் காணாமல் போனீங்க என்று கேட்டார். மாஸ்டர் சிரித்துவிட்டுக் கீழே போனார். பத்து நிமிஷத்தில் டீ வந்தது. பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அவரே ஒவ்வொருவருக்கும் ஊற்றினார். சர்க்கரை அம்மாவுக்கு மட்டும் சர்க்கரை போடாமல் தனியாகக் கொண்டுவந்திருந்தார்.

நானும் கீழே இறங்கினேன். பதினாறு வருஷத்தில் அந்த மூலையில் நான் ஐந்து நிமிஷத்துக்கு மேல் நின்றதில்லை. அவர் சோற்றை அள்ளி வைக்க, நான் பொட்டலம் மடித்தேன். நான் மடித்ததை அவர் என் மனம் நோகாமல் வாங்கி, மறுபடி பிரித்து மடித்தார். அப்போது அவருடைய போன் அடித்தது. வீட்டிலிருந்து. அவர் ரெண்டு கையிலும் சோறு. நான்தான் ஸ்பீக்கரைப் போட்டு உப்பு டப்பாமேல் சாய்த்து வைத்தேன்.

“பாத்தீங்களா?” அந்த அம்மா எடுத்த எடுப்பில் கேட்டார்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ரெண்டு அடுப்பு, ஒரு குழாய் என்று சொல்லப் போகிறார், அதற்கு மேலும் நடந்ததையெல்லாம் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். சொல்லட்டும் என்றுதான் நினைத்தேன்.

“பாத்தேன்” என்றார்.

“நிஜமாவா? யாரு கூட்டிட்டுப் போனாங்க?”

“மேனேஜர் தம்பிதான். கூடவே நின்னு எல்லாம் காட்டினாரு.”

சொல்லிவிட்டுச் சோற்றை அள்ளினார். கொஞ்சம் கீழே சிந்தியது. உப்பு கூடினால்கூட மறைக்கத் தெரியாத மனுஷர், மனைவியிடம் முதல் பொய்யைச் சொல்லியிருக்கிறார். என்னைக் காப்பாற்றவா, இல்லை, தன்னை எல்லோரும் மறந்துவிட்டுப் போனார்கள் என்று அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றா? ரெண்டாவதாகத்தான் இருக்கும். அதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்.

எப்படி இருந்தது, எப்படி இருந்தது என்று அந்த அம்மா விடவில்லை. பெரிசா இருந்துச்சு, சொல்லத் தெரியல என்றார் மாஸ்டர். அந்தப் பக்கம் வேறு குரல்களும் கேட்டன. கணவர் பேசும் நேரம் பார்த்துத் துணி தைக்க வருகிறவர்களில் நாலைந்து பேரை வரச்சொல்லி உட்கார வைத்திருந்தார் போலிருக்கிறது.

“தம்பி பக்கத்துல இருக்காரா? இவருக்கு விவரமா சொல்ல வராது தம்பி. நீங்க சொல்லுங்க, எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. உள்ள போனா எப்படி இருக்கும்?”

பத்தொன்பது தடவை போயிருக்கிறேன். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். எந்த இடத்தில் தரை வழுக்கும் என்று எனக்குத் தெரியும். எந்தத் தூணருகே நம் ஆட்கள் போட்டோவுக்கு நின்று நேரத்தைக் கடத்துவார்கள் என்று தெரியும். ஆனால் எல்லோரும் அண்ணாந்து வாயைப் பிளந்து நிற்கும் அந்த நேரத்தில், நான் அவர்களுக்குப் பின்னால் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். எண்ணி முடித்ததும் கிளம்புங்கள், கிளம்புங்கள் என்று விரட்டுவேன். அவர்கள் அண்ணாந்து பார்த்தது எதை என்று ஒருநாள்கூட நான் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

“பெரிய இடம்மா” என்றேன். “உள்ள போனதும்...”

“ம், சொல்லுங்க தம்பி.”

மாஸ்டர் கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டு, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, போனுக்குப் பக்கத்தில் நெருங்கி வந்து நின்று என் முகத்தையே பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.